பெட்டை நாயை எத்தனை முறை குட்டி போட விடலாம்?

பெட்டை நாய் பெரும்பாலும் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வந்த போதெல்லாம் சேர்த்துவிடக் கூடாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளே இதைத் தெளிவாகச் சொல்கின்றன: குறைந்தது 18 மாத வயது, 12 மாதத்தில் ஓர் ஈற்று மட்டுமே, அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் சேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. ஐந்து என்பது உச்சவரம்புதான். மூன்றோடு நிறுத்துவதே தாய்க்கு நல்லது.

முதல் பருவத்தில் நாயின் வளர்ச்சியே முடிந்திருக்காது. ஐந்து வயதுக்கு மேல் முதல் ஈற்று என்றால் பிரசவம் சிக்கலாகும் வாய்ப்பு கூடும். சிசேரியன் நடந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மறுபடி சேர்க்காதீர்கள்.

சேர்ப்பதற்கு முன் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், புரூசெல்லா (கருச்சிதைவை உண்டாக்கும் பாக்டீரியா) பரிசோதனை மூன்றும் முடிந்திருக்க வேண்டும். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. தாய், தந்தை இரண்டுக்கும் காது கேட்கிறதா என்று பாருங்கள்.

சினை சுமார் 63 நாள். இந்தக் காலத்தில் கால்சியம் மாத்திரை கொடுப்பது பலர் செய்யும் தவறு. வெளியிலிருந்து கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் உடலின் இயக்கம் மந்தமாகிவிடும். பால் கொடுக்கும்போது தாய்க்கு நடுக்கம், விறைப்பு, வலிப்பு வரலாம். அப்படி வந்தால் குட்டிகளை உடனே பிரித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பால் மறந்த பிறகும் விலா எலும்பு துருத்தித் தெரிந்தாலோ முடி கொட்டினாலோ, வருடக் கணக்குச் சரியாக இருந்தாலும் அடுத்த பருவத்தை விட்டுவிடுங்கள்.