லேஸ்னர் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி என் மேசைக்கு வந்தான். "அண்ணா, நீங்க சொன்ன லேஸ்னர் கிடைச்சிடுச்சு. 38 எபிசோட் இருக்கு. ஆனா மூணே வீடியோவா சுருக்கியும் வெச்சிருக்காங்க. அதைப் பார்த்தா போதும்ல?" என்றான். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினேன். அவன் கேட்டது நான் கல்லூரி முதலாண்டில் செய்த அதே தவறு. அவனுக்கு முன்னால் குறைந்தது நாலு பேர் இதே கேள்வியோடு வந்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'நீல எரிகல் எஸ்.பி.டி. லேஸ்னர்' என்பது ஜப்பானில் 1985 அக்டோபர் முதல் 1986 ஜூன் வரை ஓடிய அனிமேஷன் தொடர். சன்ரைஸ் நிறுவனம் தயாரித்தது. இயக்கியவர் ர்யோசுகே தகஹாஷி. இதற்கு முன்பே டக்ரம், வோட்டம்ஸ் என்று இரண்டு கனமான ரோபோ தொடர்களைக் கொடுத்தவர். இயந்திரங்களை வரைந்தவர் குனியோ ஒகவாரா. 'கண்டம்' (Gundam) என்ற புகழ்பெற்ற தொடரின் ரோபோக்களை வரைந்த அதே கை. கண்டமை எல்லோருக்கும் தெரியும். வோட்டம்ஸைத் தேடிப் பார்ப்பவர்களும் உண்டு. லேஸ்னரைக் கேள்விப்பட்டவர்கள்தான் குறைவு, பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. குறைகள் நிறைய உள்ள தொடர்தான். ஆனாலும் அதன் முதல் பாதிக்கு இணையாக அந்தப் பத்தாண்டில் வந்த ரோபோ கதைகளை என் ஒரு கை விரலில் எண்ணிவிடுவேன்.

சப்டைட்டில் நேரம் தப்பிப் போவது, தரம் குறைந்த கோப்பை இறக்குவது மாதிரியானவற்றை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வருவது வேறு.

ரோபோ சண்டைக்காக உட்காருவது

லேஸ்னரை ரோபோ விளையாட்டுகளிலோ பிளாஸ்டிக் மாடலிலோ பார்த்துவிட்டு வருபவர்கள் செய்யும் தவறு இது. வி-மேக்ஸ் என்ற ஒரு சங்கதிதான் அவர்களுக்குத் தெரியும். கதாநாயகன் ஓட்டும் ரோபோவின் பெயரும் லேஸ்னர்தான். அந்த இயந்திரம் முழுக்க நீல ஒளி சூழ்ந்துகொள்ள, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் எதிரிகளின் மேல் போய் மோதும். அது முடிந்ததும் சூடு தணியும்வரை லேஸ்னரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அருமையான காட்சிதான், மறுக்கவில்லை. அதற்காக மட்டும் உட்கார்ந்தால் மூன்றாவது அத்தியாயத்தில் கைபேசியை எடுத்துவிடுவீர்கள்.

ஏனென்றால் இது பயந்துபோன பிள்ளைகளின் கதை. செவ்வாய் கிரகத்தில் உள்ள ஐ.நா. தளத்துக்கு ஒரு மாணவர் குழு சுற்றுலா மாதிரி வருகிறது. வந்த இடத்தில் தலைக்கு மேலே இனம் தெரியாத இயந்திரங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்கின்றன. குழுவில் பெரும்பாலானோர் தொடக்கத்திலேயே செத்துப்போகிறார்கள். மிஞ்சிய கொஞ்சம் பேரின் முன்னால் நீல நிற ரோபோ ஒன்று வந்து நிற்கிறது, அதிலிருந்து அவர்கள் வயதுப் பையன் ஒருவன் இறங்குகிறான். "என் பெயர் எய்ஜி. பூமி குறிவைக்கப்பட்டிருக்கிறது" என்கிறான். யாரும் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதற்கு அவர்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அடுத்த பத்துப் பதினைந்து அத்தியாயங்கள் அந்த நம்பிக்கை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்பதைப் பற்றித்தான். சண்டைகள் அதற்கு நடுவில் வரும்.

"1996-ல் சோவியத் யூனியனா?" என்று சிரிப்பது

கதை நடப்பது 1996-ல். அமெரிக்காவும் சோவியத்தும் நிலவு, செவ்வாய் வரைக்கும் போய் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நிஜத்தில் 1991-லேயே சோவியத் கலைந்துவிட்டது என்பதால் இதைப் பார்த்ததும் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. தொடர் தொடங்கியது 1985 அக்டோபரில். அடுத்த மாதம்தான் ரீகனும் கோர்பச்சேவும் ஜெனீவாவில் முதன்முறையாக நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். அணு ஆயுதப் போர் வந்துவிடுமோ என்ற பயம் வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தியாக ஓடிய காலம் அது. வேற்றுக் கிரகத்தவரான கிராடோஸ்காரர்கள் போடும் திட்டமும் அதை ஒட்டியதுதான்: இந்த இரண்டு பேரையும் மோதவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். யார் சுட்டாலும் எதிர்த்தரப்புதான் சுட்டது என்று இரண்டு வல்லரசும் நினைப்பதை அந்தக் காலத்துக் கண்ணோடு பாருங்கள். வயிற்றில் புளியைக் கரைக்கும்.

தொடக்கப் பாடலைத் தள்ளிவிடுவது

இந்தத் தொடரில் மட்டுமாவது அப்படிச் செய்யாதீர்கள். பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் அன்றைய அத்தியாயத்தின் காட்சிகளை வெட்டி ஒட்டியிருப்பார்கள். வாராவாரம் அது மட்டும் மாறும். எட்டாவது அத்தியாயத்துக்குள் அந்தச் சில நொடிகளுக்காக நீங்களே காத்திருக்கத் தொடங்கிவிடுவீர்கள். பாட்டும் நன்றாக இருக்கும்.

சுருக்கப் பதிப்பிலிருந்து தொடங்குவது

தம்பி கேட்டது இதைத்தான். இன்றைக்கும் எனக்கு எரிச்சலைக் கிளப்புவதும் இதுதான்.

தொலைக்காட்சித் தொடர் முடிந்தபின், 1986-லேயே லேஸ்னருக்கு மூன்று ஓ.வி.ஏ. வந்தன. அதாவது ஒளிபரப்பாகாமல் நேராக வீடியோ கேசட்டில் விற்பனைக்கு வந்தவை. 'எய்ஜி 1996', 'லெ கெய்ன் 1999', 'முத்திரை 2000' என்று பெயர். முதல் இரண்டும் தொடரின் காட்சிகளை வெட்டி ஒட்டிய சுருக்கங்கள். மூன்றாவதுதான் புதிதாகச் சொல்ல வந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. மூன்றையும் ஒரே மாதிரி நினைத்து, "மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் பார்த்தேன். விடுதியில் சீனியர் ஒருவரின் ஹார்ட் டிஸ்கில் மூன்று கோப்புகள் இருந்தன. பரீட்சை முடிந்த இரவு, தூக்கம் வராமல் மூன்றையும் தொடர்ச்சியாகப் பார்த்து முடித்தேன். யார் யாரோ வந்தார்கள், சண்டை போட்டார்கள், அழுதார்கள். ஒருவர் செத்தபோது எய்ஜி ஏன் அப்படி உடைந்துபோகிறான் என்றே எனக்குப் புரியவில்லை. "சுமாரான தொடர்" என்று முடிவு கட்டிவிட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கேட்டவர்களிடமெல்லாம் நாலு வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வோட்டம்ஸை உயிராக நேசித்த நண்பன் ஒருவன், அடுத்து லேஸ்னர் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் பார்க்கவே இல்லை. இப்போது குடும்பம், வேலை என்று இருக்கிறான். 38 அத்தியாயம் உட்கார்ந்து பார்க்க அவனுக்கு நேரமில்லை. அது என் தவறு.

சுருக்கத்தில் எது போய்விடுகிறது என்று ஒரு காட்சியை வைத்தே சொல்கிறேன்.

லேஸ்னரின் விமானி அறை அதன் தலையில் இருக்கிறது. தலையே கண்ணாடிக் கூண்டு மாதிரி. உள்ளே இருக்கும் எய்ஜியின் முகம் வெளியிலிருந்து தெரியும். கூடவே ரெய் என்ற கணினி, உணர்ச்சியே இல்லாத ஒரு பெண் குரலில் பேசும். எதிரி இயந்திரம் குறிக்குள் வந்ததும் ரெய் தகவல் சொல்லும். எய்ஜி உடனே, விமானி அறையைத் தவிர்த்துவிட்டுக் குறிவைக்கச் சொல்வான். உள்ளே இருப்பவன் சாகக்கூடாது. எய்ஜியின் அப்பா பூமிக்காரர், அம்மா கிராடோஸ்காரர். எதிரே வருபவர்கள் அவன் கூட வளர்ந்த ஊர்க்காரர்கள். ரெய் மறுபேச்சு இல்லாமல் "ரெடி" என்று சொல்லும். அவ்வளவுதான் காட்சி. ஒரு தடவை பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் தொடரில் இந்த மனநிலை திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகள் பக்கத்தில் குண்டு விழும்போதும் தயங்குகிறான். பிள்ளைகளில் ஒருவனான டேவிட் அவன் மேல் சந்தேகத்தைக் கொட்டும்போதும், தானே அடிபட்டு நிற்கும்போதும் அதே தயக்கம். ஒரு கட்டத்தில் நமக்கே கோபம் வரும், சுட்டுத் தொலையேன்டா என்று. அந்தக் கோபம் நமக்கு வந்த பிறகுதான் கதை அவனுடைய உறுதியின் மேல் கை வைக்கிறது. அப்போது விழும் அடி நமக்கும் சேர்த்து விழுகிறது.

இருபத்துச் சொச்சம் அத்தியாயங்களை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கினால் முதலில் வெட்டுப்படுவது இந்தத் தயக்கங்கள்தான். சண்டை எல்லாம் மிஞ்சும். சந்தேகத்தோடு பிள்ளைகள் அவனை ஓரக்கண்ணால் பார்க்கும் நிமிடங்கள் போய்விடும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான பதினாலு வயது அன்னாவின் குரலில் வரும் விவரிப்பு, ஒரு சின்னப் பெண் நாட்குறிப்பு எழுதுவது மாதிரி மெதுவாக நம் காதில் ஏறும். அதுவும் மெலிந்துவிடும்.

கெய்லும் போய்விடுவான். கிராடோஸ் படையின் தளபதி, எய்ஜியின் அக்கா ஜூலியாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். எய்ஜி அண்ணன் ஸ்தானத்தில் வைத்து மதித்தவன், இப்போது எய்ஜியைத் துரத்தி வருகிறவனும் அவனேதான். எண்பதுகளின் ரோபோ கதைகளில் இவ்வளவு கண்ணியமான எதிரியை நான் அதிகம் பார்த்ததில்லை. அவனுக்கு என்ன ஆகிறது என்று இங்கே எழுத மாட்டேன். நான் தொடரை முறையாகப் பார்த்தபோது எனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. கெய்ல் பேசுகிற ஒவ்வொரு காட்சியிலும் முடிவு முன்னாலேயே வந்து நின்றது. முதல் தடவை பார்க்கும் வாய்ப்பு ஒரு தடவைதான். என்னுடையதை ஒரே இரவில் செலவழித்துவிட்டேன், திரும்பக் கிடைக்காது.

அதனால் வரிசையை எழுதிவிடுகிறேன். முதலில் தொலைக்காட்சித் தொடரின் 38 அத்தியாயங்களும். அப்புறம் மூன்றாவது ஓ.வி.ஏ. முதல் இரண்டு ஓ.வி.ஏ.க்களை எப்போதாவது நினைவைப் புதுப்பித்துக்கொள்ளப் போடுங்கள்.

ஒன்றரை வேகத்தில் ஓட்டுவது

வேண்டாம்.

1999 வந்ததும் எழுந்து போய்விடுவது

இது கொஞ்சம் நியாயமான கோபம். தொடரின் நடுவில் கதை சட்டென்று மூன்று ஆண்டு தாவி 1999-க்குப் போய்விடுகிறது. பூமி கிராடோஸின் பிடியில் இருக்கிறது, நியூயார்க் இடிந்து கிடக்கிறது. செவ்வாயில் பதுங்கித் தவித்த கதை, இப்போது இடிபாடுகளுக்குள் முரடர்கள் உலாவும் கதையாகிறது. எனக்கும் பிடிக்கவில்லை. மரணப்படை என்று ஒரு கூட்டம் வருகிறது. முதல் பாதியில் எய்ஜியைத் துரத்திய, கொலைவெறி பிடித்த கிராடோஸ் வீரன் கோஸ்டெரோ பாதி இயந்திரமாகத் திரும்பி வந்து, மூளை வலிக்கிறது என்று கத்திக்கொண்டே இருக்கிறான். கெய்ல் நின்ற இடத்தில் இப்படி ஒருவனை நிறுத்தியது பெரிய சறுக்கல். ஓவியத்தரமும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஏறி இறங்குகிறது. கதை சிக்கலாகும்போதெல்லாம் வி-மேக்ஸை இழுத்துவந்து முடித்துவைக்கும் பழக்கமும் உண்டு.

ஆனாலும் இருங்கள். பூமியின் பண்பாட்டையே துடைத்தெறிய வேண்டும் என்று கிராடோஸ்காரர்கள் புத்தகங்களைத் தேடித் தேடி எரிக்கிறார்கள். நாட்குறிப்புக் குரலில் கதை சொன்ன அதே அன்னா, இப்போது வளர்ந்த பெண்ணாக, எரியாமல் மிஞ்சிய புத்தகங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். யாழ்ப்பாண நூலகம் எரிந்தது 1981-ல். அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சிகள் வேறு மாதிரி தைக்கும். எனக்குத் தைத்தது. லெ கெய்ன் என்ற புதிய எதிரியும் லேசுப்பட்டவன் இல்லை. பழைய கூட்டாளி ரோஆன் கிராடோஸ் பக்கம் சேர்ந்துகொண்ட மாதிரி நிற்கிறான். அவனைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

38-ஆவது அத்தியாயத்தோடு நிறுத்துவது

தொடர் திட்டமிட்டபடி முடியவில்லை. விளம்பரதாரர் விலகியதால் பாதியில் சுருட்ட வேண்டி வந்தது. அதனால் 37-க்கும் 38-க்கும் நடுவில் கதை ஒரு பெரிய பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிறது. கோப்பு ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்து இணையத்தில் தேடாதீர்கள். எதுவும் விட்டுப்போகவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 'முத்திரை 2000' வந்தது. ஜூலியாவின் பயணம் எங்கே போய்ச் சேர்கிறது, எய்ஜிக்கும் லெ கெய்னுக்கும் நடுவிலான கணக்கு எப்படித் தீர்கிறது என்பதெல்லாம் அதில்தான். அவசரத்தில் அடைத்த மாதிரி இருக்கும். ஆனால் முடிவு என்று ஒன்று இருக்கும்.

தம்பி இப்போது தொடரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நாளுக்கு ஒன்று வீதம். நேற்று இரவு பதினொன்றரைக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணா, இந்த கெய்ல் நல்லவன்தானே?" நான் பதில் போடவில்லை.