அடிஷாம் பங்களா: கிழமை பார்த்துப் புறப்படுங்கள்

இலங்கை மலையகத்தில் அப்புத்தளையின் அடிஷாம் பங்களா இன்று புனித பெனடிக்ட் கத்தோலிக்க மடம். துறவிகள் வாழும் இடம் என்பதால் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாள், பாடசாலை விடுமுறை ஆகிய நாட்களில்தான் திறப்பார்கள். இது தெரியாமல் செவ்வாய், புதனில் போனால் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கலண்டரைப் பார்த்த பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள்.

பதுளைப் பக்கத்தவர்கள் பண்டாரவளையில் பஸ் மாறினால் அங்கிருந்து அரை மணி நேரம். ஹட்டன், நானுஓயாவிலிருந்து வருவோருக்கு ரயில் சுகம். ஆனால் மழைக்காலத்தில் மண்சரிவு பாதையை அடைத்துவிடும், ஸ்டேஷனில் முதலிலேயே விசாரியுங்கள். அப்புத்தளை டவுனிலிருந்து பங்களா சுமார் 3 கிலோமீற்றர். ஆட்டோ பிடித்தால் போக, வர, காத்திருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறும் முன்பே கூலி பேசிவிடுங்கள்.

காலை 9, 10 மணிக்குள் போய்ச் சேருவது நல்லது, பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். அதே நாளில் லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சியிடத்துக்கும் போவதானால் விடியற்காலையில் அதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள். மாற்றிப் போட்டால் அங்கே வெறும் பனிதான் தெரியும்.

உள்ளே வரவேற்பறையும் நூலகமும் மட்டுமே பார்க்கலாம். ‘இவ்வளவுதானா’ என்று ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடாதீர்கள். வெளிச்சுவரிலிருந்தே தொடங்குங்கள். ஆங்கிலேயத் தோட்டத் துரை சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய வீடு இது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அவர் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். கருங்கல் சுவருக்குக் கிட்டப் போய்க் கல்லோடு கல் பொருந்தும் இடத்தைப் பாருங்கள். பிறகு கொஞ்சம் பின்னால் வந்து அண்ணாந்தால் கூரை தெரியும்: ஓடு இல்லை, பர்மா தேக்கைச் சிறு பலகைகளாக்கி அடுக்கியிருக்கிறார்கள். துரை பங்களாவைத் தூரத்தில் நின்றே பார்த்துப் பழகிய மலையக மக்கள், இப்படியொரு வீட்டின் தளபாடத்தையும் புத்தக அலமாரியையும் பக்கத்தில் நின்று பார்ப்பது சின்ன விஷயமில்லை. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், போனைப் பையில் போட்டுவிடுங்கள். சத்தம் வேண்டாம். தோளும் முழங்காலும் மறையும் உடுப்பே மடத்துக்குப் பொருத்தம். பக்கத்துத் தங்கமலைக் காட்டுக்குள் நடப்பதானால் நீளக் காலுறை போடுங்கள், ஈர நாளில் அட்டை ஏறும்.

திரும்பும்போது மடத்துக் கடையில் ஜாமும் கொய்யா ஜெலியும் வாங்கலாம். கண்ணாடிப் போத்தல் என்பதால் ஸ்வெட்டரில் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். நுழைவு டிக்கெட்டுக்கும் இதற்கும் சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.