பொங்கலுக்கு முப்பது பேருக்கு ராகி கேக்கும் மாம்பழத் தயிரும்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பொங்கல் சமயத்தில் புது ராகி கிடைக்கும். வீடு நிறைய ஆள் வரும்போது கிரீம் கேக்கை விட ராகி வெல்லக் கேக்தான் சரி. முட்டை வேண்டாம், போகியன்றே சுட்டு வைக்கலாம், மறுநாள் ஈரம் பரவி இன்னும் நன்றாக இருக்கும்.

ஒன்பது அங்குலச் சதுரத் தட்டு இரண்டுக்கு (32 துண்டு) அளவு: ராகி மாவு 300 கிராம், கோதுமை மாவு 300, வெல்லம் 500, தயிர் 500, எண்ணெய் 300 மில்லி, பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன், ஏலத்தூள் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

ராகியை மில்லில் அரைக்கும்போது மிளகாய் அரைத்த கையோடு போடவிடாதீர்கள். வேறு யாராவது ராகியோ கோதுமையோ அரைத்த பிறகு கொடுங்கள். சூடு ஆற மாவைப் பரப்பி, சலித்து, பச்சை வாசனை போகும் வரை சிறுதீயில் வறுக்கவும். ராகியில் மாவை இழுத்துப் பிடிக்கும் பசை கிடையாது. அதனால்தான் பாதிக்குப் பாதி கோதுமை. முழுக்க ராகியே போட்டால் கத்தி வைத்ததும் உதிர்ந்துவிடும்.

வெல்லத்தை 200 மில்லி வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு ஊற்றினால் தயிர் திரியும். தயிரும் ஃபிரிட்ஜ் குளிர்ச்சியோடு இருக்கக் கூடாது. வெல்லக் கரைசல், தயிர், எண்ணெய், உப்பு, ஏலம், ராகி மாவு எல்லாவற்றையும் கலந்து அரைமணி ஊறவைத்தால் வாயில் நறநறப்பு இருக்காது.

பலரும் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். வீட்டு ஓடிஜியில் (கேக் சுடும் சின்ன மின் அடுப்பு) ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் ஒழுங்காக வேகும். இரண்டுக்கும் சேர்த்து மாவு கலந்து வைத்தால், முதல் தட்டு வேகும் முக்கால் மணி நேரத்தில் தயிரும் சோடாவும் சேர்ந்து எழுப்பிய காற்று வெளியேறி, இரண்டாவது கேக் அடை மாதிரி அமுங்கிவிடும். ஆகவே கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சோடாவைச் சலித்து இரண்டு பங்காக்குங்கள். ஊறிய கலவையில் பாதியை எடுத்து, ஒரு பங்கு மாவைச் சேர்த்து, உலர்மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கிளறுங்கள். அதிகம் கிளறினால் ரப்பராகும். பதம் இட்லி மாவு போல் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால். அடுத்த பங்கைக் கலப்பது முதல் தட்டு வெளியே வந்த பிறகே.

170 டிகிரியில் பத்து நிமிடம் சூடேற்றிய ஓடிஜியில் 40 முதல் 45 நிமிடம். முதல் அரைமணி கதவைத் திறக்க வேண்டாம், நடு அமுங்கும். மாவே கருஞ்சிவப்பு என்பதால் நிறத்தை நம்ப முடியாது. ஓரம் தட்டை விட்டு விலகியிருக்க வேண்டும். நடுவில் குத்திய குச்சி ஈரமில்லாமல் வர வேண்டும். ஓடிஜியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள், வயர் சூடேறும். பவர் பிளக்கில்தான் போட வேண்டும். நன்றாக ஆறிய பின்பே வெட்டுங்கள்.

கூடவே மாம்பழத் தயிர். ஜனவரியில் பழம் இருக்காது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் டின்னுக்கா பஞ்சம்! பெங்களூரா ரகக் கூழின் லேசான புளிப்பு, கண்டென்ஸ்டு மில்க் தித்திப்புக்குச் சரியாக நிற்கும். துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் 800 கிராம், 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின் இரண்டு, மாங்கூழ் 600 கிராம். நுரை வராமல் கலந்து, முப்பது சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றி, ஃபாயிலால் மூடுங்கள். ஆழமான டிரேயில் வைத்து, கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் விட்டு, 160 டிகிரியில் 25 நிமிடம். ஆட்டினால் நடு மட்டும் தளும்ப வேண்டும். அதற்கு மேல் வெந்தால் தண்ணீர் பிரியும். ஆறியதும் ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரமாவது வைத்தால்தான் இறுகும். கரெண்ட் போனால் இட்லிப் பானையில் சிறுதீயில் அவித்தாலும் இதே பதம் வரும்.