ரிட்ஜ் ஓரத்து வறண்ட நிலத்தில் கன்று நடுவதற்கு முன்

தில்லியில் முனிர்க்கா, வசந்த் குஞ்ச் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ரிட்ஜ் என்பது காலை நடைக்கான காடு. உண்மையில் அது ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. அடியில் இருப்பது குவார்ட்சைட் என்னும் கடினமான பாறை. தில்லியின் ஆண்டு மழை சென்னைக்குக் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. எங்கள் குடியிருப்பை ஒட்டிய மேட்டு நிலத்தில் ஓர் ஆகஸ்டில் நாவலும் புங்கனுமாக நாற்பது கன்றுகள் நட்டோம். மறு ஜூனில் மூன்றுதான் மிஞ்சின. அந்த மூன்றும் சரிவின் அடியில், மழைநீர் மண்ணை இழுத்துவந்து சேர்த்திருந்த இடத்தில் நின்றன. நிலத்தைப் பார்க்காமல் மரத்தைத் தேர்ந்ததுதான் எங்கள் பிழை.

ஆகவே முதல் வேலை மண்ணின் ஆழத்தை அறிவது. மழைக்குப் பின் ஈரம் இருக்கும்போது ஒரு கடப்பாரையைப் பத்தடிக்கு ஒரு முறை இறக்கிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் பாறை தட்டுகிற இடத்திற்கும் முழங்கை ஆழம் இறங்குகிற இடத்திற்கும் ஒரே மரம் பொருந்தாது. வடக்கு நோக்கிய சரிவில் வெயில் சாய்வாக விழுவதால் ஈரம் சில நாள் கூடுதலாகத் தங்கும். தெற்குச் சரிவு முதலில் காய்ந்துவிடும். பாறை வெடிப்புகளை அலட்சியம் செய்யாதீர்கள். மேலே மொட்டையாகத் தெரிந்தாலும் வெடிப்புக்குள் வேர் எட்டும் தூரத்தில் ஈரம் காத்திருக்கக்கூடும்.

அடுத்து, ஏற்கெனவே நிற்பவற்றைப் படியுங்கள். புரசு நிற்கும் இடத்தில் மண் ஆழமாகவும், மழைக்காலத்தில் நீர் தேங்குவதாகவும் இருக்க வாய்ப்பு மிகுதி. வெள்வேல், இலையே இல்லாததுபோல் தோன்றும் கரீல் புதர் ஆகியவை வறட்சியை எளிதில் தாங்குபவை. எருக்கு மண்டியிருந்தால் நிலம் அதிகம் மேயப்பட்டது என்று பொருள். பாலைத் திணையில் பெயராக மட்டும் படித்திருந்த உகாய் மரத்தை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது இந்தத் தில்லியில்தான். இங்கே அதற்குப் பெயர் பீலு.

இவற்றுள் தௌ என்ற மரத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும். நம் மலைக்காட்டு வெக்காலிக்கு நெருங்கிய உறவான இது விதையிலிருந்து முளைப்பது அரிது. பெரும்பாலும் வேரிலிருந்தும் அடிக்கட்டையிலிருந்தும் துளிர்த்தே பெருகுகிறது. ஆடும், நீல்காய் என்னும் பெரிய மானும் ஓயாமல் கடிப்பதால் பாறைமேல் விரித்த பாய்போல ஒரு சாண் உயரத்தில் படர்ந்து கிடக்கும். அதைப் புதர் என்று எண்ணி வெட்டிவிட்டுக் கன்று நடுவார்கள், நாங்களும் நட்டோம். சுற்றிலும் முள்வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்தால், பழைய வேரின் பலத்தில் அதுவே நிமிர்ந்து மரமாகத் தொடங்கும். அத்தகைய இடத்தில் நடவே தேவையில்லை.

வறண்ட நிலத்தில் முளைப்பது பெரிதன்று. முளைத்தது முதல் கோடையைக் கடப்பதே பெரிது. எனவே செப்டம்பர் நடுவில் ஒரு முறையும் ஜூன் தொடக்கத்தில் ஒரு முறையும் நடந்து, தானாக முளைத்த செடிகளுக்குக் குச்சி நட்டு அடையாளமிட்டு எண்ணிப் பாருங்கள். தப்பியவற்றில் பல முள் நிறைந்த காட்டிலந்தைப் புதருக்குள் இருப்பதைக் காண்பீர்கள்: அது நிழலும் தருகிறது, ஆட்டின் வாயையும் தடுக்கிறது. உங்கள் கன்றையும் அதன் வடக்கு ஓரத்தில் வையுங்கள்.

சீமைக்கருவேலத்தை நமக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் பார்த்ததுதான் இங்கே விலாயதி கீக்கர். அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். வெறிச்சோடிய நிலத்தில் அதன் விதைகளே முதலில் முளைக்கும். கிளைகளைக் கழித்து ஒளியை உள்ளே விட்டு, அதன் கீழேயே வெள்வேலும் வன்னியும் வளர்ந்த பின் படிப்படியாக நீக்குவதே நல்லது. தில்லியில் மரம் வெட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். காப்புக் காட்டுக்குள் வனத்துறையைக் கேட்காமல் மண்வெட்டியே எடுக்கக் கூடாது.

விதைப்பையும் நடவையும் முதல் நல்ல மழையோடு முடியுங்கள்; ஆகஸ்ட் கடைசி தாமதம். வெள்வேல் விதையின் மேல்தோல் கடினமானது. கொதிநீரை ஊற்றி ஓரிரவு ஆறவிட்டு விதையுங்கள். வேம்பின் விதையோ சில வாரங்களில் உயிரிழக்கும். பழம் உதிர்ந்ததும் போட்டுவிட வேண்டும். முதல் கோடையில் தினம் ஒரு குவளை ஊற்றுவதைவிட, வாரம் ஒரு முறை ஒரு வாளி ஊற்றினால் வேர் ஆழம் தேடும்.

காய்ந்த கன்றைத் தூக்கி எறியும் முன் வேரைப் பாருங்கள். நாற்றுப்பையின் வடிவிலேயே சுருண்டிருந்தால் நாற்றங்காலில் அளவுக்கு மேல் இருந்திருக்கிறது. பாறையில் முட்டி மடங்கியிருந்தால் குழி தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.