அப்பாவின் கேசட்டைக் கணினியில் ஏற்ற

மயிலாப்பூர் வீட்டுப் பரணில் அப்பா பதிந்து வைத்த மார்கழிக் கச்சேரி கேசட்டுகள் கிடந்தன. ரிச்சி தெருவில் யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி வந்து, முதல் கேசட்டை நேராக 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக்கினேன். முட்டாள்தனம். தம்பூரா தண்ணீருக்குள்ளிருந்து ஒலித்தது. எம்பி3 ஒலியில் ஒரு பகுதியை வெட்டிவிடும். அதையே ஃபிளாக்காக (ஒலியை இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை) மாற்றினாலும் போனது திரும்பாது, கோப்புதான் பெரிதாகும்.

சரி, டேப் ஹெட்டை (நாடாவைப் படிக்கும் முனை) துடைத்துவிட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) ஆகப் பதியுங்கள். ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. அளவுமானி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். தனி ஆவர்த்தனம் முடிந்து எழும் கைதட்டலில்தான் ஒலி சிதறும். அப்புறம் ஃபிளாக்காகச் சேமியுங்கள்: துளியும் இழப்பில்லை, இடம் கிட்டத்தட்ட பாதி. அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்ப மட்டும் அதிலிருந்து 192 கேபிபிஎஸ் எம்பி3 எடுத்தால் போதும்.