முதல் ஏர் ரைபிள் வாங்கறீங்களா, பவர் மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க

நம்ம வடசென்னைல யாராவது ஏர்கன் வாங்கப் போறேன்னு சொன்னா கூட இருக்கறவன் கேக்கறது ரெண்டே கேள்விதான், "எவ்ளோ பவர்டா?", "புறா வுழுமா?". இந்த ரெண்டு கேள்விய வச்சு கடைக்குள்ள போனா காசும் போச்சு, சில நேரத்துல போலீஸ் ஸ்டேஷன் வாசலும் பாக்கணும்.

புறா மேட்டர மொதல்ல முடிச்சுடுவோம். யூடியூப்ல இங்கிலாந்துக்காரன் தோட்டத்துல முயல் சுடறான், எலி சுடறான், அத பாத்துட்டு நாமளும் வேட்டைக்கு ஒண்ணு டார்கெட்டுக்கு ஒண்ணுன்னு கணக்கு போடறோம். அங்க சட்டம் வேற, 12 அடி பவுண்டு சக்தி வரைக்கும், அதாவது சுமார் 16 ஜூல், தனி சர்டிபிகேட் இல்லாம வச்சிக்கலாம், சில பிராணிங்கள சுட அனுமதியும் இருக்கு. இங்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு பா. பழவேற்காட்டுக்கு வர்ற பூநாரை, எண்ணூர் கழிமுகத்துல நிக்கற கொக்கு, மாடில அரிசி தின்ன வர்ற பச்சைக்கிளி, எதுலயும் கை வைக்க முடியாது. சரி, தெரு நாய் பூனைதானேன்னா அதுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது ஐபிசிக்கு பதிலா வந்த குற்றச் சட்டம், அதோட 325வது பிரிவு இருக்கு, அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளலாம். அதனால "இது ஹன்டிங் மாடல் சார்"னு கடைக்காரர் எடுத்து நீட்டினா அந்த வார்த்தைக்கு தனியா காசு குடுக்காதீங்க, நீங்க சுடப்போறது பேப்பரதான்.

இதுலயே இன்னொரு தப்பும் ஒளிஞ்சிருக்கு. வேட்டைன்னு நெனச்சா மனசு தானா 0.22 இன்ச் ரகத்துக்கு போகும், பெல்லட், அதாவது உள்ள போடற குண்டு, பெருசு, அடி பலமா இருக்கும்னு. ஆனா 2016 ஆயுத விதிங்கபடி போர், அதாவது குழாயோட உள் அகலம், 0.177 இன்ச்சுக்குள்ள, 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தாதான் லைசென்ஸ் வேணாம். தாண்டினா லைசென்ஸ் வேணும். அதுக்குள்ள இருக்கறதயும் ஐடி, அட்ரஸ் புரூப் குடுத்து பில்லோட வாங்குங்க, தெரிஞ்ச பையன் பாக்கெட் ரேட்ல தரான்னு பில் இல்லாம வாங்கற வேலையே வேணாம்.

இப்ப பவருக்கு வருவோம், மத்த எல்லாத்தயும் விட இதுலதான் அதிகம் பேர் மாட்டறாங்க. டப்பா மேல பெருசா 1200 எப்பிஎஸ்னு போட்டிருப்பான். ஒரு நிமிஷம் கணக்கு போட்டு பாருங்க. சாதாரணமா நாம சுடற பெல்லட் 0.53 கிராம் கிட்ட வரும், அது நெஜமாவே நொடிக்கு 1200 அடி, அதாவது 366 மீட்டர் வேகத்துல போச்சுன்னா 35 ஜூல் ஆயிடும், லைசென்ஸ் இல்லாத 20 ஜூல எங்கயோ தாண்டிடுச்சு. 0.32 கிராம் இருக்கற ரொம்ப லேசான பெல்லட்ட போட்டா கூட 21 ஜூல் வருது. அப்ப ஒண்ணு டப்பால இருக்கற நம்பர் பொய், இல்ல அந்த துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணும், ரெண்டுல எது உண்மையா இருந்தாலும் உங்களுக்கு லாபம் இல்ல. இதுல இன்னொண்ணு, ஒலியோட வேகம் நொடிக்கு சுமார் 345 மீட்டர், அந்த எல்லைய தாண்டி போயிட்டு திரும்ப கீழ எறங்கற பெல்லட் ஆட்டம் காண ஆரம்பிக்கும், குரூப், அதாவது கார்டுல விழற ஓட்டைங்களோட கூட்டம், செதறும், அது மேல டமார்னு சத்தம் வேற, பக்கத்து வூட்டு ஆயா கதவ தட்டும்.

2008ல பெய்ஜிங் ஒலிம்பிக்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரு, 2012ல லண்டன்ல ககன் நாரங் வெண்கலம் வாங்கினாரு, அவரு பொறந்தது நம்ம சென்னைலதான். அவங்க சுட்ட 10 மீட்டர் ஈவென்ட்ல ரைபிள் வேகம் நொடிக்கு சுமார் 170, 180 மீட்டர்தான், எட்டு ஜூல் பக்கம். டார்கெட் கார்டுல நடுவுல இருக்கற பத்துப் பாயிண்ட் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். பத்து மீட்டர்ல அத அடிக்க எட்டு ஜூல் போதும்னா மாடில கார்டு சுடற நமக்கு எதுக்கு 20?

ஸ்பிரிங் பிஸ்டன தள்ளி காத்த அழுத்தி சுடற ஸ்பிரிங்கரா, முன்னாடியே அடைச்சு வச்ச காத்துல சுடற பிசிபியான்னு கேட்டா, மொதல் துப்பாக்கிக்கு சுமாரான பவர்ல ஒரு ஸ்பிரிங்கர், நான் அதுக்குதான் ஓட்டு போடுவேன். பிசிபி சுட சொகமா இருக்கும், ஒத தெரியாது, ஆனா அதுக்கு 200 பார் கிட்ட அழுத்தத்துல காத்து வேணும். பஞ்சர் கடை கம்ப்ரசர் பத்து பார் பக்கம்தான் தரும், அதனால தனியா பம்ப் வாங்கணும், கையால அடிச்சா முதுகு போயிடும், இந்த செலவ யாரும் மொதல்ல சொல்றதில்ல. ஆனா ஸ்பிரிங்கர்ல ஒரு வம்பு இருக்கு, அது பின்னாடியும் ஒதைக்கும் முன்னாடியும் ஒதைக்கும். இறுக்கிப் புடிச்சா குரூப் விரியும், லேசா கைமேல வச்சு அதுபாட்டுக்கு குதிக்க விடணும். சாதாரண ஸ்கோப்ப அது மேல மாட்டினா அந்த ரெண்டு பக்க ஒதைல உள்ள இருக்கற கண்ணாடி கழண்டுடும், ஏர்கன்னுக்கு தாங்கும்னு போட்டிருக்கறத பாத்து வாங்குங்க, பத்து மீட்டர்ல போகஸ் ஆகுதான்னும் கேளுங்க, பெரிய துப்பாக்கிக்கு பண்ண ஸ்கோப் நூறு கஜத்துக்குதான் செட் ஆகியிருக்கும், பத்து மீட்டர்ல எல்லாம் மங்கலாத்தான் தெரியும். என்னக் கேட்டா மொதல்ல ஸ்கோப்பே வேணாம், துப்பாக்கி மேலயே இருக்கற குறி பாக்கற இரும்பு சைட்லயே பழகுங்க.

பெல்லட் இல்லாம டிரிகர இழுத்து நண்பனுக்கு காட்டற பழக்கம் வேணவே வேணாம். முன்னாடி அழுத்தம் இல்லாததால பிஸ்டன் நேரா போய் மோதும், சீல் போயிடும். கடைல வாங்கும்போதே "ஒரு தடவ தட்டிப் பாருங்க சார்"ம்பாங்க, அப்பவே வேணாம்னுடுங்க. பெல்லட்ல கூர் முனை வச்சது பாக்க கெத்தா இருக்கும், பேப்பருக்கு தட்டை மூஞ்சிதான், வட்டமா ஓட்டை விழும், மார்க் போட ஈஸி. ஒரே பிராண்ட மூட்டையா வாங்காம ரெண்டு மூணு டப்பா மாத்தி சுட்டுப் பாருங்க, ஒவ்வொரு பேரலுக்கும் ஒவ்வொண்ணு ஒத்துப் போகும். பெல்லட் ஈயம்ங்கறதால வாய்ல வச்சிக்காதீங்க, சுட்டு முடிச்சதும் கைய சோப்பு போட்டு கழுவுங்க.

காசிமேடு, திருவொத்தியூர், எண்ணூர் பக்கம் இருக்கறவங்களுக்கு உப்புக் காத்து தலைவலி, பேரல் மேல துருப் புள்ளி சீக்கிரமே வரும். அதுக்காக தையல் மெஷின் எண்ணெய பேரலுக்குள்ள ஊத்தறாங்க பாருங்க, அது கம்ப்ரஷன் சேம்பருக்குள்ள போனா அழுத்தத்துல தீப்புடிச்சு டப்னு வெடிக்கும், டீசலிங்ம்பாங்க, சீலும் ஸ்பிரிங்கும் காலி. எண்ணெய் வெளில மட்டும், துணில தொட்டு தொடைக்கற அளவுக்கு.

கடைசியா மாடி. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைல வூட்டுக்கு வூடு ஒட்டியிருக்கு, அடுத்த மாடில துணி காயப்போடுவாங்க, பசங்க பட்டம் விடும். பெல்லட் நூத்துக்கணக்கான மீட்டர் போகும், வெறும் கைப்பிடிச் சுவர நம்பி மேல சுடறதெல்லாம் பெரிய தப்பு. பெட்டிக்குள்ள கெட்டியா பழைய துணி, கார்பெட் துண்டு அடைச்சு, பின்னாடி கனமான இரும்புத் தகடு வச்சு, அது செங்கல் சுவர்ல ஒட்டி நிக்கணும், கார்டு அந்தப் பெட்டிய தாண்டி வெளில நீட்டக்கூடாது, அப்புறம் கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்கோங்க, தகட்டுல பட்டு பெல்லட் திரும்ப தெறிக்கும். இந்த அளவுக்கு எடம் இல்லாத வீடா இருந்தா துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ரைபிள் கிளப்புக்கு போய் அவங்க துப்பாக்கில சுட்டுப் பாருங்க, நாலு கிலோ வெயிட்ட நின்னு புடிக்க கை ஒத்துக்குதான்னும் அங்கயே தெரிஞ்சிடும்.