ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்: புதிதாகப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் ஹாலோவீன் எபிசோடுகளான 'ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்'களில் யார் வேண்டுமானாலும் சாகலாம். ஊரே அழியலாம். அடுத்த வாரம் எல்லோரும் பழையபடி சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். 1990 அக்டோபரில் முதல் எபிசோட் வந்ததிலிருந்தே இதுதான் ஏற்பாடு: பெரும்பாலும் ஒரு எபிசோடுக்கு மூன்று குட்டிக் கதைகள். தொடரின் மற்ற கதைகளோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதைக் கேட்டதும் பலரும் செய்கிற முதல் தவறு, 'சரி, அப்போ இதிலிருந்தே ஆரம்பிக்கலாமே' என்று உட்காருவதுதான். கதை புரியும், ஆனால் சிரிப்பு பாதிதான் வரும். 1993-இல் குடும்பத் தலைவர் ஹோமர் ஒரு டோநட்டுக்காக ஆன்மாவை விற்கிறார். வாங்க வரும் சாத்தான் யார் என்றால் பக்கத்து வீட்டு நெட் ஃபிளாண்டர்ஸ், அந்த ஊரிலேயே பெரிய பக்திமான். அவரை முன்பே தெரியாதவருக்கு அது கொம்பு வைத்த ஒரு மீசைக்காரர், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு, டோஸ்டர் கால இயந்திரமாகிவிட, ஹோமர் டைனோசர் காலத்துக்குப் போய் ஒரு கொசுவை அடிக்கிறார்; உலகமே மாறிப்போகிறது. ஒரு மாற்று உலகில் பணம் கொட்டிக் கிடக்கிறது, அவருக்குப் பிடிக்கவே பிடிக்காத மனைவியின் அக்காக்களும் உயிரோடு இல்லை. ஆனால் டோநட் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியவில்லை. அலறியடித்துக்கொண்டு அவர் ஓடிய பிறகுதான் அங்கே வானத்திலிருந்து டோநட் மழை பொழிகிறது! ஹோமரின் வயிற்றைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் அந்தச் சோகம் உறைக்கும். சாதாரண எபிசோடுகள் ஒரு பத்தாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: கேலி செய்யப்படும் மூலப் படங்களையெல்லாம் தேடிப்பிடித்துப் பார்த்த பிறகே இதைத் தொடுவேன் என்று தள்ளிப்போடுவது. இயக்குநர் குப்ரிக்கின் 1980 திகில் படமான 'தி ஷைனிங்'கைப் பார்த்திருந்தால், ஹோமர் கோடரியால் கதவைப் பிளக்கும்போது கூடுதலாகச் சிரிக்கலாம், உண்மைதான். ஆனால் அவருக்குப் பைத்தியம் பிடிப்பதற்கான காரணம் முழுக்க சிம்ப்சன்ஸ் சரக்கு: முதலாளி பர்ன்ஸ் கேபிளை வெட்டிவிட்டார், பீரையும் ஒழித்துவிட்டார்.

துண்டு துண்டாக வெட்டிப் போட்ட வீடியோக்களில் பார்ப்பதும் வேண்டாம். நான் மேலே சொன்ன டோஸ்டர் கதையும் கோடரிக் கதையும் 1994-இன் ஒரே எபிசோடில் வருபவை. அதன் மூன்று கதைகளிலும் தோட்டக்காரர் வில்லி உதவிக்கு ஓடிவருவார், மூன்றிலும் முதுகில் கோடரி விழும். தனித்தனியாகப் பார்த்தால் அந்த நகைச்சுவையே இல்லை.

கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். அதே எபிசோடின் மூன்றாவது கதையில் ஆசிரியர்கள் மாணவர்களைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கடைசியில் மொத்தக் குடும்பமும் உள்புறம் வெளிப்புறமாகத் திரும்பி, குடல் தொங்கத் தொங்க ஆடிப்பாடுகிறது. முதல் எபிசோடில் ஹோமரின் மனைவி மார்ஜ் மேடைக்கு வந்து, குழந்தைகளைத் தூங்க வையுங்கள் என்பார். 1931-இன் 'ஃபிராங்கன்ஸ்டைன்' பட முன்னுரையைப் பார்த்துச் செய்த பகடி அது. இருந்தாலும் சொன்னது நியாயமான அறிவுரை.

1995-இல் ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழும் கதையை இன்றைய கணினி வரைகலையோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: அது ஒளிபரப்பானபோது முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி'யே திரைக்கு வந்திருக்கவில்லை.

அப்புறம், தேடும்போது வரும் குழப்பங்கள். முதல் எபிசோட் இரண்டாவது சீசனில் வந்ததால், ஹாலோவீன் எபிசோடின் எண் சீசன் எண்ணைவிட ஒன்று குறைவாக இருக்கும். ஐந்தாவது வேண்டுமானால் ஆறாவது சீசனைத் திறக்க வேண்டும். 2000-க்குப் பிறகு சில ஆண்டுகள் தொடரை ஒளிபரப்பும் ஃபாக்ஸ் சேனலில் பேஸ்பால் போட்டியான வேர்ல்ட் சீரிஸ் குறுக்கிட்டதால் இவை நவம்பருக்குத் தள்ளிப்போயின. தேதியைப் பார்த்து இது வேறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2015-இன் 'ஹாலோவீன் ஆஃப் ஹாரர்' மட்டும் உண்மையிலேயே வேறு. அது தொடரின் வழக்கமான கதையோட்டத்தில் நடப்பது, முழு எபிசோடும் ஒரே கதை. ஹோமரின் மகள் லிசா நிஜமாகவே பயப்படுகிறாள்.